மரபுத் திங்கள் கண்காட்சியில் அந்தக் கடிதங்களையும் மாட்டுங்கள்

கனடாவில் இயங்கும் தமிழ் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் மன்றங்கள், கோயில் பரிபாலன சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

வரும் தை மாதத் தமிழ் மரபுத் திங்கள் கண்காட்சியில் ஒரே ஒரு பலகையைக் கூட்டிவைக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். 1986 ஓகஸ்டில் நம்மவர், இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்ததை ஒரு மீனவர் கண்டு காப்பாற்றினாரே, அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் இந்த நாட்டுப் பத்திரிகைகளின் வாசகர் பக்கங்களில் நம்மைப் பற்றி என்னென்ன வந்தன என்பதைக் காட்டும் பலகை. படகின் படம் உங்களிடம் இருக்கிறது. அந்த மீனவர் கஸ் டால்ட்டனின் படமும் இருக்கிறது. கடிதங்களை மட்டும் எந்தச் சங்கமும் மாட்டி நான் காணவில்லை.

ஏன் இப்போது இது என்று கேட்பீர்கள். கொஞ்சக் காலமாக நம் கலியாண வீடுகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வானொலி நேயர் நேரத்திலும் ஒரே கதைதான். "விசிற்றர் விசாவில வந்திட்டு அகதி எண்டு கேஸ் போடுகினம்." "ஒரு பேஸ்மென்டுக்குள்ள பத்துப் பேர்." "கதை எழுதிக் குடுக்க ஆள் வைச்சிருக்கினம்." "இவையால எங்கட பெயரும் கெடுது." போன வருடம் ஓர் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் மேடையேறிய ஒருவர் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, "நாங்கள் இப்பிடியோ வந்தனாங்கள்?" என்று முடித்தார். மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் எப்படி வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களும்தான் தட்டினார்கள்.

நாங்கள் இப்படித்தான் வந்தோம். விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாம் சொல்லிவைத்திருக்கும் வரலாற்றில் பாதிதான் இருக்கிறது.

1986 ஓகஸ்ட் 11. செயின்ற் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால் பனிமூட்டக் கடல். டால்ட்டன் தன் மீன்பிடிப் படகில் ஏற்ற முடிந்தவரை ஏற்றினார், மற்றப் படகுகளும் வந்தன. செயின்ற் ஜோன்ஸ் நகரில் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் தங்கவைத்துச் சாப்பாடும் உடுப்பும் கொடுத்தார்கள். இதுவரை கண்காட்சியில் இருக்கிறது. இனி இல்லாதது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது, இந்தியாவில் கப்பல் ஏறினோம் என்றார்கள் வந்தவர்கள். சில நாட்களிலேயே குட்டு வெளிப்பட்டது. கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியில் இருந்து. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஏற்றிய கப்டன், கனடாக் கரையை நெருங்கியதும் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான், நாட்டின் மனநிலை தலைகீழாகிவிட்டது. முதல் நாள்களில் "பாவம்" என்று எழுதிய அதே பக்கங்களில் பிறகு வந்தவற்றின் சாரம் இது: பொய்யர்கள், வரிசையில் நிற்காமல் முந்தி வந்தவர்கள், ஜேர்மனியில் பாதுகாப்பாக இருந்தவன் எப்படி அகதி ஆவான், காசு கொடுத்துக் கப்பலேற முடிந்தவனுக்கு என்ன கஷ்டம், திருப்பி அனுப்புங்கள். பிரதமர் பிரையன் மல்ரோனி, பிழை விடுவதென்றால் இரக்கத்தின் பக்கம் விடுவோம் என்ற பொருளில் பேசி, ஒரு வருடத்துக்கு இருந்து வேலை செய்ய அனுமதியும் கொடுத்தார். அதற்காக அவருக்கும் ஏச்சு விழுந்தது.

அவர்கள் சொன்னது பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். பொய்தான். அதை மறைக்கவும் வேண்டாம், அதுவும் பலகையில் இருக்கட்டும். ஆனால் அந்தக் காலத்து மேற்கு ஜேர்மனியில் அகதி கோரியவனின் நிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். முகாமில் வாழ்க்கை. வேலை செய்ய அனுமதி இல்லை. ஒதுக்கிய எல்லையைத் தாண்டிப் போனால் குற்றம். எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம். அவர்களில் பலர் ஊரில் 1983 யூலை இனக் கலவரத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்த பிள்ளைகள். உண்மையைச் சொன்னால் திரும்பவும் ஜேர்மனிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஒரு கதையைச் சொன்னார்கள். இன்று விசிற்றர் விசாவில் வந்து கேஸ் போடுபவர் எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அன்று நம்மவர் எல்லாரும் உண்மை பேசினார்கள் என்று சத்தியம் செய்ய நம்மில் யாருக்கு வாய் வரும்? சட்டத்தரணியின் கந்தோர் வாசலில் மொழிபெயர்ப்பாளரோடு இருந்து கேஸுக்கு எழுதியதை இரவிரவாகப் பாடமாக்கிய கதைகளை நாமே சிரித்துச் சிரித்துச் சொல்வதில்லையா?

இன்னொன்றையும் அந்தப் பலகையில் சேர்க்கலாம். அதே 1986ல்தான் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அகதிகளுக்கு உதவியவர்களைக் கௌரவிக்கும் நான்சென் பதக்கத்தைக் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கியது. ஒரு நாட்டின் மக்கள் எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பதக்கம் கிடைத்தது அதுவே முதல் தடவை. 1979, 80ஆம் ஆண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா அகதிகள் 60,000 பேரை ஏற்றுக்கொண்டதற்கான கௌரவம் அதில் பெரும்பங்கு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் 1979 தொடக்கத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டபோது, அரசு அப்போது சொன்ன 5,000 என்ற எண்ணிக்கையே கூடிப்போச்சு என்றுதான் பாதிக்கு மேற்பட்டோர் சொல்லியிருந்தார்கள். தேவாலயங்களும் அயலவர் குழுக்களும் தங்கள் பொறுப்பில் குடும்பங்களை எடுத்து, ஒட்டாவா நகர முதல்வர் மரியன் டூவர் போன்றவர்கள் தங்கள் ஊருக்கு மட்டும் 4,000 பேரை எடுக்கிறோம் என்று இறங்கி, அதன் பிறகே காற்று மாறியது. பதக்கம் வந்த வருடத்திலேயே நம்மைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதமும் எழுதினார்கள். இரண்டும் ஒரே சனம்.

இதெல்லாம் நம்மோடு தொடங்கியதுமில்லை. ரொறன்ரோ நகரிலேயே பாருங்கள். 1847ல் இங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அந்த ஒரு கோடையில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்து இறங்கிய ஐரிஷ்காரர் 38,000க்கும் மேல். காய்ச்சலில் 1,100க்கு மேற்பட்டோர் இங்கே இறந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போன கத்தோலிக்க ஆயர் மைக்கேல் பவரும் அதே காய்ச்சலில் போனார். அடுத்த பத்து வருடத்தில் நகரத்தின் பெரிய பத்திரிகை, எங்கு பார்த்தாலும் ஐரிஷ் பிச்சைக்காரர் என்றும் கெட்ட நடத்தைக்காரர் என்றும் எழுதிக்கொண்டிருந்தது. இன்றோ மார்ச் 17ஆம் திகதி, ஐரிஷ்காரரின் செயின்ற் பற்றிக் திருநாளில், முழு நகரமும் பச்சை உடுத்துக்கொண்டு ஆடுகிறது!

சீனர்களின் கதை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ரெயில் பாதை போடும்வரை ஆள் தேவைப்பட்டது. பாதை முடிந்த 1885லேயே தலைவரி 50 டொலர் வந்தது. 1903ல் அது 500. 1923ல் கதவே பூட்டப்பட்டு 1947 வரை திறக்கவில்லை. பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006ல்.

நம் முதியோர் மன்றங்களுக்கென்று ஒரு தகவல். மாதாமாதம் நம் அப்பா அம்மா வாங்கும் முதியோர் ஓய்வூதியத்தின் வேர் 1927ல் வந்த சட்டம். அதற்காகப் பாராளுமன்றத்தில் விடாமல் நின்றவர் ஜே. எஸ். வூட்ஸ்வேர்த். வின்னிப்பெக்கில் குடிவரவாளர் நடுவே வேலை செய்த போதகர், தொழிலாளர் பக்கம் நின்று சிறைக்கும் போனவர், நல்ல மனிதர். அவரே 1909ல் குடிவரவாளர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிரித்தானியர் முதலில், அமெரிக்கர், ஸ்கண்டினேவியர் அடுத்து என்று தொடங்கி, இனம் இனமாகப் படி இறங்கி, ஆசியரும் கறுப்பினத்தவரும் அடியில் வரும்படி அது அடுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இது மற்ற எல்லாவற்றையும் விட உறுத்துகிறது. வெறுப்போடு எழுதுபவனை அடையாளம் காண்பது சுலபம். அக்கறையோடு எழுதுபவனின் கையிலும் அந்த அடுக்கு இருந்திருக்கிறது. நம் மேடைப் பேச்சாளரும் கெட்டவரில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர்.

இந்தியர்களை ஏற்றிவந்த கோமகாட்டா மாரு கப்பலைப் பற்றி நம் கூட்டங்களிலும் பேசுகிறோம். 1914ல் வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைத்து, 376 பேரில் 24 பேரை மட்டும் இறங்கவிட்டு, மற்றவர்களைப் போர்க்கப்பலைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வங்காளத்தில் கரையிறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ 20 பேர் செத்தார்கள். ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டித் திருப்பினார்கள் என்பதை நாம் சொல்வதில்லை. 1908ல் வந்த விதி: பிறந்த நாட்டில் இருந்து இடையில் எங்கும் நிற்காமல் ஒரே தொடர்பயணமாக வந்தவனுக்குத்தான் அனுமதி. இந்தியாவில் இருந்து அப்படி நேரே வருவதற்குப் பயணச்சீட்டே கிடைக்காதபடியும் பார்த்துக்கொண்டார்கள். விதியில் இந்தியன் என்ற பெயரே கிடையாது. நேரே வரவில்லை என்பது மட்டும்தான் குற்றம். 78 வருடம் கழித்து நம் படகுக்காரர் மீது வந்த முதல் குற்றச்சாட்டு என்ன? ஜேர்மனியில் நின்று வந்தார்கள், நேரே வரவில்லை.

அப்புறம் சீக்கியர்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிரம்ரன் நகரில் படிக்க வந்த பஞ்சாபிப் பிள்ளைகளைப் பற்றி நம் ஆட்கள் பேசுகிற பேச்சை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்த மண்ணில் நின்று அகதி கோருபவர் யாராக இருந்தாலும் நேரில் தன் கதையைச் சொல்ல உரிமை உண்டு, காகிதத்தை மட்டும் பார்த்துத் தட்டிக்கழிக்க முடியாது என்ற தீர்ப்பு. நீங்களும் நானும் விசாரணை அறையில் இருந்து வாய் திறந்து பேசியது அதன் பலன்தான். அந்த வழக்கின் பெயர் சிங் வழக்கு. தொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்து வந்த சீக்கியர். நம் எந்த மேடையிலாவது இதற்கு ஒரு நன்றி சொல்லியிருக்கிறோமா?

நம் படகுகள் வந்து ஒரு வருடம் முடிவதற்குள், 1987 யூலையில், 174 பேர் நோவா ஸ்கோஷியாவில் சார்ள்ஸ்வில் என்ற ஊரில் கரையேறினார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் சீக்கியர்கள். விடியப்புறம் நனைந்த காலோடு நின்றவர்களுக்கு ஊர்ச்சனம் சாப்பாடு கொடுத்தது. ஒட்டாவாவில் கோடை விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தைத் திருப்பிக் கூப்பிட்டுக் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். நாம் உள்ளே வந்ததால் எழுந்த கோபத்தில் ஒரு பங்கு அவர்கள் தலையில் விழுந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

2010ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எம்.வி. சன் சீ கப்பலில் வந்த நம்மவர் 492 பேர், அதில் 49 பிள்ளைகள். கப்பல் கரைக்கு வருமுன்னரே பொதுப் பாதுகாப்பு அமைச்சர் விக் ரோவ்ஸ் கடத்தல்காரர் என்றும் பயங்கரவாதிகள் என்றும் பேசத் தொடங்கிவிட்டார். தாய்மாரும் பிள்ளைகளும்கூட மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். உண்மையான அகதி என்று நிரூபித்தாலும் திருப்பி அனுப்புங்கள் என்று ஏறத்தாழப் பாதிக் கனேடியர் கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். முடிவு வந்த கேஸ்களில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பது பிற்பாடு வந்த செய்தி, அதை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. அந்த நேரத்திலேயே நம்மவர் சிலர், "இந்தக் கப்பலால எங்களுக்குத்தான் பிரச்சினை" என்று கதைத்ததை நான் என் காதால் கேட்டேன். ஆக, இன்றைய கதையும் புதிதில்லை.

அந்தப் பொதுப் பாதுகாப்பு அமைச்சில் இருந்துதான் 2025 யூன் 3ஆம் திகதி இன்னொரு சட்டமூலம் வந்தது. நாட்டுக்குள் முதலில் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அகதிக் கோரிக்கை, அதை விசாரித்து முடிவு சொல்லும் குடிவரவு அகதிகள் சபையின் முன் போகாது என்பது அதில் ஒரு பகுதி. முன்வைத்த அமைச்சர், சிறுவனாக இந்த நாட்டுக்கு வந்த நம் தமிழர். அவரோடு வாதாடுவதற்கு இந்த மடல் இடமில்லை. சபையின் முன் இருந்து பேசிய ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது.

இந்த நாட்டில் நிலைமை இறுக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. வாடகை ஏறியது. குடும்ப வைத்தியர் கிடைப்பதில்லை. 2023 முடிவில் படிப்பு அனுமதியோடு இருந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். 2024 இலையுதிர்காலத்தில் என்விரோனிக்ஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 58 வீதம் பேர் குடிவரவு கூடிப்போச்சு என்றார்கள். 1998க்குப் பிறகு பெரும்பான்மை அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அதே இலையுதிர்காலத்தில் அரசும் 2025க்கான நிரந்தர வதிவிட இலக்கை 500,000இல் இருந்து 395,000ஆகக் குறைத்தது. கூடியதோ குறைந்ததோ, அது வாதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் பத்து லட்சம் மாணவர் தாங்களாக விமானம் ஏறி வரவில்லை. ஒன்ராறியோ அரசு 2019ல் உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தை 10 வீதம் வெட்டி அப்படியே உறையவைத்தது. மானியமும் ஏறவில்லை. கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளையிடம் பல மடங்கு வாங்கி ஓட்டையை அடைத்தன. எத்தனை பேருக்கு வீடு இருக்கிறது என்று எந்த அரசும் எண்ணிப் பார்க்கவில்லை. கோபப்பட வேண்டிய கதவுகள் இவை. நாம் கோபப்படுவதோ பேருந்துக்கு நிற்கிற பிள்ளையோடு.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பேஸ்மென்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றால், அந்த பேஸ்மென்டை ஆளுக்கு இவ்வளவு என்று கட்டில் கணக்கில் வாடகைக்கு விட்டவர் யார்? அடிமாட்டுச் சம்பளத்துக்கு வேலை செய்து எங்கள் பிள்ளைகளின் வேலையைக் கெடுக்கிறார்கள் என்றால், சட்டச் சம்பளத்துக்குக் கீழே கையில் காசாகக் கொடுப்பவர் யார்? உங்கள் ஆண்டு மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர்களில் சிலரும் அதில் இருக்கிறார்கள், அது உங்களுக்கும் தெரியும். ரொறன்ரோவின் வெல்லஸ்லி, பார்லிமென்ற் தெருக்களின் சந்தி மாடிகளில் ஓர் அறையில் எட்டுப் பேர் முறைவைத்துப் படுத்து, இரவில் கோப்பை கழுவி, வாரக் கடைசியில் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்காரனின் பின்னால் சம்பளத்துக்கு அலைந்தவர்கள் நாம். கறி மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்த காலம் அது. அன்று நம்மிடம் பிடுங்கியவர்களை இன்றும் பெயர் சொல்லித் திட்டுகிறோம்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமில்லை. ரொறன்ரோ பொது நூலகத்தின் உசாத்துணைக் கிளையில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். 1986 ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களின் வாசகர் கடிதங்களைப் படியெடுத்துத் தமிழில் சுருக்கி மாட்டுங்கள். எழுதியவர்களின் பெயரை மறைத்துவிடுங்கள், அவர்களில் பலர் பிறகு நம்மோடு ஒரே வேலைத்தலத்தில் இருந்து நல்ல சிநேகிதராகவும் ஆகியிருப்பார்கள். பக்கத்திலேயே 2010 தலைப்புச் செய்திகளையும் வையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வாசித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

அதோடு, சங்க மண்டபங்கள் கிழமை நாட்களில் சும்மாதான் கிடக்கின்றன. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பின்னேரம் திறந்துவிடலாம். வேலை அனுமதி எப்படி எடுப்பது, சம்பளம் தராவிட்டால் தொழில் அமைச்சில் எப்படி முறையிடுவது, வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது, கேஸுக்கு எந்தச் சட்ட உதவி கிடைக்கும் என்பதை நம்மில் தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்களும் குடிவரவு வழக்குகளில் வேலை செய்தவர்களும் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்கள். ஊர் பார்த்துச் சேர்க்க வேண்டாம். பஞ்சாபிப் பிள்ளை வந்தாலும் இருக்கவிடுங்கள்.

கடிதங்களைத் தேடுவதிலும் மொழிபெயர்ப்பதிலும் உடனிருக்க நான் தயார். மண்டப ஒதுக்கீடு கார்த்திகையிலேயே முடிந்துவிடும் என்பதால், அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தக் காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து உங்கள் பழைய அங்கத்தவர் ஒருவர்